எத்தனை மணிக்கு விழுந்தது?

“மேடம், சர்வர் விழுந்துடுச்சு” என்று போன் வந்தால் எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்பேன். உடனே பதில் வருவது அபூர்வம். “காலைல ஷட்டரைத் தூக்கிப் பாத்தா செத்துக் கெடக்கு” என்பார்கள். “பில்லு போட்டுக்கிட்டே இருந்தேன், பட்டுனு போயிடுச்சுக்கா” என்பார்கள். ஏன் விழுந்தது என்று கேட்டால் மட்டும் ஆளுக்கொரு காரணம் கையில் தயாராக இருக்கும்: வைரஸ், வெயில், விண்டோஸ், விற்றவன். மணியும் நிமிடமும் கிடைத்துவிட்டால் அவற்றில் முக்கால்வாசி தானாகக் கழிந்துவிடும்.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு மயிலாடுதுறை, நீடாமங்கலம், மன்னார்குடி வரைக்கும் அரிசி ஆலைகள், பாத்திரக் கடைகள், பட்டுப்புடவைக் கடைகள், இரண்டொரு கல்லூரி லேப்கள் என்று சர்வர் பார்த்துக்கொடுப்பது என் பிழைப்பு. சமீப காலமாக வரும் அழைப்புகளில் அதிகமானவை ஓஎஸ்ஸையும் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) மெஷினையும் ஒரே மூச்சில் மாற்றிய இடங்களிலிருந்துதான். விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2-க்கு 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு ஆதரவு முடிந்தது. சென்டோஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30. டெஸ்க்டாப்பையே சர்வராக வைத்து டேலி ஓட்டும் கடைகளின் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14. புது ஓஎஸ் பழைய மெஷினில் ஏற மறுக்கும். ரெட்ஹாட் லினக்ஸ் 10-க்கு இன்டெலின் ஹாஸ்வெல் காலத்து, அதாவது சுமார் 2013-க்குப் பிந்திய ப்ராசஸராவது வேண்டும். சரி, மெஷினையும் மாற்றிவிடலாம் என்று முடிவாகும். மாற்றியதும் விழ ஆரம்பிக்கும். குற்றவாளி ஓஎஸ்ஸா, மெஷினா, இரண்டும் சேரும் இடமா என்று பிரித்துப் பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைப் பையன்களுக்குப் போனில் சொல்லியே பழகிவிட்டதால் கட்டளைகளையும் வாயால் சொல்கிற மாதிரியே எழுதுகிறேன்.

விழுந்ததா, காணாமல் போனதா?

விழுந்தது என்று கடைக்காரர் சொல்வதில் ஐந்தாறு வகை உண்டு. தானாக ரீபூட் ஆகியிருக்கலாம். உறைந்து நின்றிருக்கலாம். மொத்தமாக ஆஃப் ஆகியிருக்கலாம். விண்டோஸ் என்றால் நீலத் திரையோ, லினக்ஸ் என்றால் அதன் மையப் பகுதியான கெர்னல் கைவிரித்து நிற்கும் பானிக்கோ வந்திருக்கலாம். பில்லிங் சாஃப்ட்வேர் மட்டும் செத்திருக்கலாம். மெஷின் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்க, நெட்வொர்க் மட்டும் போயிருக்கலாம்.

கடைசி வகைதான் அப்கிரேடுக்குப் பிறகு அதிகம் ஏமாற்றுவது. புதிதாக ஒரு என்விஎம்இ டிஸ்கையோ (போர்டிலேயே சொருகும் வேகமான டிஸ்க்) கார்டையோ சொருகினால், போர்டில் சொருகியவற்றுக்குத் தரப்படும் பிசிஐ எண்கள் நகர்ந்து, நேற்றுவரை ‘இஎன்பி3எஸ்0’ என்றிருந்த லேன் கார்டு இன்று ‘இஎன்பி4எஸ்0’ ஆகிவிடும். பழைய பெயருக்கு எழுதிவைத்த ஐபி முகவரி அனாதையாக நிற்கும். கடையில் எல்லாக் கம்ப்யூட்டரிலும் “சர்வர் கிடைக்கவில்லை” என்று வரும், சர்வரோ ஒன்றும் நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் யாரும் பவர் பட்டனைத் தொடுவதற்கு முன் கீபோர்டில் நம்லாக்கை அமுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் கெர்னலுக்கு உயிர் இருக்கிறது. உள்ளே நுழைய முடிந்தால் ‘அப்டைம்’ என்று அடியுங்கள். ஐந்து நாள் என்று காட்டினால் அது விழவே இல்லை.

பூட் ஆகும்போதே பானிக் என்றால் அது தனிக் கதை, சீக்கிரம் தீர்வது. ரெட்ஹாட் 9 வழிவந்த அல்மாவையோ ராக்கியையோ விர்ச்சுவல் மெஷினில் (நிஜ மெஷினுக்குள் மென்பொருளாக ஓடும் மெஷின்) ஏற்றியிருந்து, சிபியு வகையைப் பழைய பொது மாதிரியிலேயே விட்டிருந்தால், அடியில் இருக்கும் இரும்பு எவ்வளவு புதிதாக இருந்தாலும் “இந்த சிபியு எக்ஸ்86-64-வி2-ஐ ஆதரிக்கவில்லை” என்று நின்றுவிடும். சிபியு வகையை ‘ஹோஸ்ட்’ என்று மாற்றினால் முடிந்தது. இன்னொன்று, பல டிஸ்கை ஒன்றாகச் சேர்க்கும் பழைய ரெய்டு கார்டை விசுவாசமாகக் கழற்றி வந்து புது மெஷினில் போடுவது. ரெட்ஹாட் 8 முதல் பல பழைய கார்டுகளுக்கான ஆதரவு டிரைவரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. டிஸ்க் கண்ணுக்கே தெரியாமல் எமர்ஜென்சி ஷெல் என்ற வெறும் கட்டளைத் திரையில் போய் நிற்கும். இஎல்ரெப்போ என்ற வெளித் தொகுப்பு அந்த டிரைவர்களைத் தனியாகத் தருகிறது. ஆனால் பணம் புரளும் சர்வருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன், கார்டை மாற்றிவிடுங்கள்.

எதையும் தொடும் முன் டேட்டாவை வெளியே எடுங்கள். விழுந்து விழுந்து எழும் மெஷினில் டேட்டாபேஸ் எந்த நிமிடமும் கெடலாம். வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்தும் பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று கணக்கில் சேர்ப்பதில்லை.

சாகும் முன் என்ன சொன்னது?

லினக்ஸில் ‘ஜர்னல்சிடிஎல், இடைவெளி, மைனஸ் மைனஸ் லிஸ்ட் மைனஸ் பூட்ஸ்’ என்று கொடுத்தால் ஒவ்வொரு பூட்டும் எப்போது தொடங்கியது, கடைசி வரி எப்போது எழுதப்பட்டது என்று வரிசையாக வரும். அந்தக் கடைசி நேரங்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். பிறகு ‘ஜர்னல்சிடிஎல், மைனஸ் பி, மைனஸ் ஒன்று, மைனஸ் இ’. முந்தைய பூட்டின் கடைசிப் பக்கம் திறக்கும். பட்டியலில் ஒரே ஒரு பூட்தான் தெரிகிறதென்றால் ஜர்னல் என்ற அந்தப் பதிவேடு மெமரியில் மட்டும் எழுதப்படுகிறது, ரீபூட்டில் அழிகிறது என்று அர்த்தம். ‘வார்’ உள்ளே ‘லாக்’ உள்ளே ‘ஜர்னல்’ என்று ஒரு டைரக்டரியை உண்டாக்கி, ஜர்னல் சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அடுத்த முறை விழும்போது சாட்சி இருக்கும்.

கடைசிப் பக்கத்தில் மூன்றில் ஒன்று இருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் ஆன வரிகள் இருந்தால் யாரோ நிறுத்தியிருக்கிறார்கள். “பவர் கீ அமுக்கப்பட்டது” என்ற வரியை நான் பார்த்திருக்கிறேன், கூட்டுகிற அம்மாவின் துடைப்பக்கட்டை உயரத்தில் பட்டன் இருந்தது. இரண்டாவது, பானிக், ஊப்ஸ் என்ற கெர்னல் பிழை, “அவுட் ஆஃப் மெமரி” போன்ற வரிகள். மூன்றாவது, எந்த அறிகுறியும் இல்லாமல் சாதாரண வரி ஒன்றோடு அறுந்து நிற்பது. மூன்றாவதைப் பார்த்ததும் மின்சாரம், மதர்போர்டு என்று ஓடிவிடாதீர்கள். மெஷினின் உள் இணைப்பிலிருந்து டிஸ்க்கே கழன்றுபோனாலும் லாக் இப்படித்தான் அறுந்து நிற்கும், எழுத இடம் இருக்காதல்லவா. அதற்குத்தான் நெட்கன்சோல். கெர்னல் சொல்வதை அப்படியே லேன் வழியாக யுடிபி 6666 போர்ட்டில் பக்கத்துக் கம்ப்யூட்டருக்கு அனுப்பும், டிஸ்க் தேவையில்லை. மெஷினைத் தொடங்கிவைக்கும் பயாஸின் புது வடிவமான யுஇஎஃப்ஐ உள்ள புது மெஷின் என்றால் இன்னொரு வசதியும் உண்டு. பானிக் செய்தியைக் கெர்னல் மதர்போர்டின் நினைவகத்திலேயே போட்டுவைக்க முடியும். அடுத்த பூட்டில், லினக்ஸின் சர்வீஸ்களை நடத்தும் சிஸ்டம்டி அதை எடுத்து ‘வார், லிப், சிஸ்டம்டி, பிஸ்டோர்’ என்ற இடத்தில் சேர்த்துவைக்கும். பலர் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை.

விண்டோஸில் ஈவென்ட் வியூவர், சிஸ்டம் லாக். 6008 என்ற எண் எத்தனை மணிக்கு எதிர்பாராமல் நின்றது என்று சொல்லும். 1074 என்றால் யாரோ அல்லது அப்டேட்டோ கேட்டு ரீஸ்டார்ட் ஆனது. பிரபலமான கெர்னல்-பவர் 41-ஐப் பார்த்ததும் “பவர் சப்ளை போச்சு” என்று டப்பாவை மாற்றுகிறவர்கள் நிறைய. முன்பு ஒழுங்காக நிற்கவில்லை என்பது மட்டும்தான் 41 சொல்லும் செய்தி. அதன் டீடெயில்ஸ் பகுதியைத் திறந்து பக்செக் கோடைப் பாருங்கள். பூஜ்யம் என்றால் நீலத் திரை பதிவாகவில்லை, மின்சாரமோ முழு உறைவோ. பூஜ்யம் இல்லை என்றால் அது நீலத் திரையின் எண். ஆனால் இங்கே தசம எண்ணாக இருக்கும். 292 என்று கண்டால் அது பதினாறின் அடிமானத்தில் 124, ஹார்டுவேர் தானே புகார் கொடுத்த பிழை. 159 என்றால் 9எஃப், ஏதோ ஒரு டிரைவர் தூங்கி எழுவதில் தகராறு.

நிஜமான சர்வர் மெஷின் என்றால் பிஎம்சி என்ற தனிச் சிப் தனக்கென்று ஒரு டைரி வைத்திருக்கும். ‘ஐபிஎம்ஐடூல், எஸ்இஎல், இலிஸ்ட்’ என்று கேட்டால் தரும். அந்த டைரியின் கடிகாரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இரவு எட்டு மணிச் சம்பவத்தை மதியம் இரண்டரையில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

கரண்ட்

நேரங்களை எழுதியாயிற்றா? இப்போது அந்த நோட்டை எதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்பதுதான் வேலை. டெல்டாவில் நான் முதலில் வைத்துப் பார்ப்பது கரண்ட் போன நேரம், வந்த நேரம், வயல் மோட்டார்களுக்கு மும்முனை மின்சாரம் விடும் நேரம்.

நீடாமங்கலம் பக்கம் ஓர் ஆலை. சம்பா அறுவடை முடிந்து நெல் மூட்டை மலையாகக் குவிந்திருந்த சமயம். புது மெஷின், புது உபுண்டு. சாயங்காலங்களில் திடீரென்று ரீபூட் ஆகும், சில நாள் ஆகாது. முதலாளிக்குத் தாங்கவில்லை. “ஏம்மா, பழசு பத்து வருஷம் கெடந்துச்சு, ஒருநாள் மக்கர் பண்ணல. புதுசு வாங்கி வச்சு என்ன புண்ணியம்?” லாக் எல்லாம் பாதியில் அறுந்து நின்றது. மெஷினைப் போட்டவர் ஓஎஸ்ஸைக் குறை சொன்னார், ஓஎஸ் போட்டவர் மெஷினை. ஆலைகளில் டீசல் கணக்குக்கென்று ஒரு நோட்டு இருக்கும், ஜெனரேட்டர் எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை மணிக்கு நின்றது என்று கணக்குப்பிள்ளை எழுதுவார். அதைக் கேட்டு வாங்கி என் நோட்டின் பக்கத்தில் வைத்தேன். சர்வர் விழுந்த நேரமெல்லாம் ஜெனரேட்டர் தொடங்கிய நேரத்துக்கு இரண்டொரு நிமிடம் முன்னால் இருந்தது. அதாவது கரண்ட் போன அந்தக் கணம்.

யூபிஎஸ்தான் இருக்கிறதே என்றார்கள். அங்கேதான் விஷயம். குறைந்த விலை யூபிஎஸ்கள் பேட்டரிக்கு மாறும்போது சைன் அலைக்குப் பதிலாகப் படிக்கட்டு அலையைத் தருபவை. பழைய மெஷினின் சாதாரணப் பவர் சப்ளை அதைச் சட்டை செய்யாது. இப்போது வருபவற்றில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இருக்கிறது, மின்சாரத்தை ஒழுங்காக இழுப்பதற்காக. அவற்றில் சில இந்தப் படிக்கட்டு அலையைக் கண்டதும் பாதுகாப்புக்காக அணைந்துவிடும். யூபிஎஸ் ஓடிக்கொண்டிருக்கும், சர்வர் விழுந்திருக்கும். பழைய யூபிஎஸ் நன்றாக இருந்தது, புது மெஷினும் நன்றாக இருந்தது, இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆன்லைன் யூபிஎஸ் வைத்ததும் நின்றது. ஓஎஸ்ஸில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை.

நீங்களே சோதிக்கலாம். கடை சாத்திய பிறகு டேட்டாபேஸை நிறுத்துங்கள். ‘ஸ்ட்ரெஸ்-என்ஜி’ ஓடவிட்டு மெஷினுக்கு வேலை கொடுங்கள், சும்மா இருக்கும் மெஷினில் இந்தக் கோளாறு தெரியாமல் போகலாம். பிறகு யூபிஎஸ்ஸுக்குப் போகும் சுவர் சுவிட்சை அணையுங்கள். பிளக்கைப் பிடுங்காதீர்கள், எர்த்தும் சேர்ந்து போய்விடும். சில தடவை அணைத்துப் போட்டுப் பாருங்கள். விழுந்தால் அதே யூபிஎஸ்ஸில் பழைய மெஷினை மாட்டிப் பாருங்கள். பழசு நின்று புதுசு விழுந்தால் பதில் கிடைத்துவிட்டது. இரண்டுமே விழுந்தால் பேட்டரி செத்திருக்கும், அல்லது சுமை அதிகம். பல 600 விஏ யூபிஎஸ்கள் தரக்கூடியது 360 வாட்தான். பெரிதாக எழுதியிருக்கும் விஏ எண்ணை விட்டுவிட்டுப் பின்புறம் சின்னதாக இருக்கும் வாட்டைப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் சர்வரை மாட்டியிருந்தால், அதன் பின்புறச் சுவிட்ச் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற மோடில் மாறுவதற்கு எடுக்கும் நேரம் மின்விசிறிக்குப் போதும், கம்ப்யூட்டருக்குப் போதாது. பொதுவாகப் பவர் சப்ளை தாக்குப்பிடிப்பது பதினாறு, பதினேழு மில்லிசெகண்ட்.

கூடுதலாக டிஸ்க் சேர்த்திருந்தால் பூட் ஆகும் கணத்தைக் கவனியுங்கள். மூன்றரை அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் சுழல ஆரம்பிக்கும்போது 12 வோல்ட்டில் சுமார் இரண்டு ஆம்பியர் இழுக்கும். ஆறு டிஸ்க் ஒரே நேரத்தில் கிளம்பினால் சின்னப் பவர் சப்ளை திணறும். எர்த்தையும் ஒருமுறை எலக்ட்ரீஷியனை விட்டு அளக்கச் சொல்லுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் எர்த் கம்பியின் கிளாம்ப் அரித்துப்போயிருக்கும். குழி இருக்கும், தொடர்பு இருக்காது.

உமித்தூசி

பில்லிங் உச்சத்தில் இருக்கும்போது விழுகிறது, விழுவதற்கு முன் மெஷின் மந்தமாகிறது என்றால் சூடு. ப்ராசஸர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும், முடியாதபோதுதான் அணையும். ‘சென்சார்ஸ்’ கட்டளையில் வெப்பநிலையைப் பாருங்கள். புதிதாகப் பூட்டிய மெஷினில் ஹீட்சிங்க்கின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே வைத்திருப்பார்கள், கழற்றிப் பார்த்துவிடுங்கள். ஆலைகளில் உமித்தூசி இரண்டு வாரத்தில் முன்பக்க வலையை மூடிவிடும். கடைகளில் கல்லாவுக்குக் கீழே கதவுபோட்ட மர அலமாரிக்குள் வைத்திருப்பார்கள், வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் அங்கேதான் காட்டுவார்கள். சாம்பிராணியை நிறுத்தச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை. அலமாரிக் கதவைக் கழற்றச் சொல்வேன்.

சும்மா இருக்கும்போது விழுந்தால்

பகலெல்லாம் கடுமையாக உழைத்துவிட்டு ராத்திரி மூன்று மணிக்கு ஆளில்லாத நேரத்தில் உறைகிறதா? ஓஎஸ்ஸும் மெஷினும் சேரும் இடத்துக் கோளாறாக இருக்க அதிக வாய்ப்பு. புது கெர்னல் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ப்ராசஸரையும் டிஸ்கையும் ஆழ்ந்த தூக்கத்துக்கு அனுப்பும். சில ஹார்டுவேர் அங்கிருந்து எழுந்து வராது. 2017-இல் வந்த முதல் தலைமுறை ஏஎம்டி ரைசன் ப்ராசஸர்களில் லினக்ஸ்காரர்கள் இதை நிறையப் பார்த்தார்கள். பயாஸில் ‘பவர் சப்ளை ஐடில் கண்ட்ரோல்’ என்பதை ‘டிப்பிக்கல் கரண்ட் ஐடில்’ என்று வைப்பது அதற்கு மருந்து. பழைய ரைசன் மெஷின்கள் கைமாறி வருவதால் இன்னும் தேவைப்படுகிறது. மற்ற போர்டுகளில் சி-ஸ்டேட் என்ற அந்தத் தூக்க நிலைகளை பயாஸிலேயே குறைத்துப் பாருங்கள்.

என்விஎம்இ டிஸ்க் தூங்கிவிட்டால் அறிகுறி வேறு. பிங் பதில் சொல்லும், லாகின் ஆகாது, ஃபைல் சிஸ்டம் ரீட்-ஒன்லி ஆகியிருக்கும், லாக் அறுந்திருக்கும். கெர்னல் வரியில் ‘என்விஎம்இ அண்டர்ஸ்கோர் கோர், புள்ளி, டிஃபால்ட் அண்டர்ஸ்கோர் பிஎஸ் அண்டர்ஸ்கோர் மேக்ஸ் அண்டர்ஸ்கோர் லேட்டன்சி அண்டர்ஸ்கோர் யுஎஸ், ஈக்வல், பூஜ்யம்’ என்று சேர்க்க வேண்டும். போனில் இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பக்கமும் பொறுமை போய்விடும், ஆனால் வேலை செய்யும்.

ராத்திரி என்பதாலேயே சும்மா இருந்தது என்று முடிவு கட்டவும் வேண்டாம். இரண்டு மணிக்குப் பேக்கப் ஓடியிருக்கும். டெபியன் வகைகளில் மென்பொருள் ரெய்டின் முழுச் சோதனை மாதத்தின் முதல் ஞாயிறு அதிகாலையில் தானாக ஓடும். மாதம் ஒருமுறை மட்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமை விழுகிறது என்று நோட்டு காட்டினால் டிஸ்க், கேபிள், கன்ட்ரோலர் மூன்றையும் சந்தேகியுங்கள்.

பூட் ஆகி ஏறக்குறைய ஒரே கால அளவில் விழுந்தால் மெமரி மெதுவாகக் கசிந்து தீர்கிறதா என்று பாருங்கள். புது ஓஎஸ்ஸில் டேட்டாபேஸின் புதிய பதிப்பு தன் பங்கை அதிகமாக எடுத்துக்கொண்டிருக்கும். டிஸ்க்கின் வயதிலும் இப்படிக் கணக்கு உண்டு. 2019 நவம்பரில் ஹெச்பிஇ தன் சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டிகள் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 வருடம் 270 நாள் 8 மணியில், செத்துவிடும் என்று அறிவித்து, டிஸ்க்கின் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைத் திருத்தி வெளியிட்டது. ஒன்றாக வாங்கி ரெய்டில் போட்டவை ஒன்றாகவே போகும். பழைய டிஸ்கைப் புது மெஷினுக்கு மாற்றினாலும், ரீஃபர்பிஷ்டு சர்வர் வாங்கினாலும், ‘ஸ்மார்ட்சிடிஎல், மைனஸ் ஏ’ கொடுத்து எத்தனை மணி நேரம் ஓடிய டிஸ்க் என்று பார்த்து, ஃபர்ம்வேரைப் புதுப்பித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

ரேம்

நேரத்தில் எந்த ஒழுங்குமே தெரியவில்லை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை என்றால் ரேம். பழைய எட்டு ஜிபியோடு புது எட்டு ஜிபியைச் சேர்த்துப் போட்டிருப்பார்கள், கம்பெனி வேறு, வேகம் வேறு. கேமிங் ரேமுக்கு எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேக அமைப்பைப் போட்டிருப்பார்கள். சர்வருக்கு எக்ஸ்எம்பி வேண்டாம், அணைத்துவிடுங்கள்.

மெம்டெஸ்ட்86 ப்ளஸ் ராத்திரி முழுக்க ஓடட்டும். கையில் இருக்கும் பழைய சிடி யுஇஎஃப்ஐ மெஷினில் பூட் ஆகாது, 2022-இல் வந்த பதிப்பு 6-க்குப் பிந்தியது வேண்டும். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைக்க வேண்டியிருக்கும். ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான், “பரவால்ல, ஒண்ணுதானே” கிடையாது. வந்தால் ஒவ்வொரு ரேமாகத் தனியே போட்டு ஓட்டுங்கள். பிழை ரேமோடு போகிறதா, ஸ்லாட்டோடு நிற்கிறதா என்று தெரிந்துவிடும். ரேமின் தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது நம் ஊர் வழக்கம். அந்தத் துகள் ஸ்லாட்டுக்குள் விழுந்து புதுப் பிரச்சினை செய்யும். ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் நனைத்த துணி போதும். பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் இசிசி ரேம் உள்ள சர்வரில் ‘ராஸ்டீமன்’ நிறுவிவைத்தால், சரிசெய்யப்பட்ட பிழைகளைக்கூட எந்த ரேம் என்று சேர்த்து எண்ணிக்கொண்டே வரும்.

மெம்டெஸ்ட் சுத்தமாக இருந்தும் சுமையில் விழுகிறது, ப்ராசஸர் இன்டெல் 13 அல்லது 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் வகை என்றால், 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்ட மின்னழுத்தப் பிரச்சினையைக் கணக்கில் எடுங்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த 12பி மைக்ரோகோடோ (ப்ராசஸருக்கு உள்ளே ஏறும் திருத்தம்) அதற்குப் பிந்தியதோ பயாஸில் இருக்க வேண்டும். ஏற்கெனவே தேய்ந்துபோன ப்ராசஸரை மைக்ரோகோடு குணப்படுத்தாது. வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியிருக்கிறார்கள், கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பயாஸ் அப்டேட்டை மட்டும் யூபிஎஸ் சோதனை முடிந்த பிறகு செய்யுங்கள்.

ஓஎஸ்ஸா, மெஷினா?

இத்தனைக்கும் பிறகும் சந்தேகம் இருந்தால் இரண்டையும் பிரிக்க வேண்டியதுதான். ஒரு யூஎஸ்பியில் வேறொரு லினக்ஸைப் போட்டு, புது மெஷினை அதிலிருந்து பூட் செய்து, டிஸ்கைத் தொடாமல் ராத்திரி முழுக்க ஸ்ட்ரெஸ் கொடுங்கள். அங்கேயும் விழுந்தால் உங்கள் ஓஎஸ் நிரபராதி. விழவில்லை என்றால் பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து ஓட்டுங்கள். புது மெஷினுக்குப் பழைய கெர்னல் ஒத்துவராத எதிர்க்கேஸும் உண்டு. உபுண்டு 22.04 தன்னோடு கொண்டுவருவது 5.15 கெர்னல், அதிலேயே புது ஹார்டுவேருக்கான ஹெச்டபிள்யூஇ கெர்னல் வழியாக 6.8 வரை போகலாம். புத்தம் புது போர்டு என்றால் அதைத்தான் முதலில் செய்வேன்.

பானிக் திரையின் படங்கள் கையில் இருந்தால் இரண்டு மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஃபங்ஷன், ஒரே மாட்யூல் பெயர் என்றால் டிரைவர் அல்லது கெர்னல். ஒவ்வொரு முறையும் வேறு இடம், சம்பந்தமே இல்லாத பெயர்கள் என்றால் ஹார்டுவேர். “டெயின்டட்” என்று இருந்தால் வெளியிலிருந்து வந்த மாட்யூல் ஏதோ உள்ளே இருக்கலாம், இருந்தால் அதை எடுத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதை நேரத்தோடு எழுதுங்கள். சரியாகிவிட்டது என்று எப்போது சொல்லலாம்? சராசரியாக இரண்டு நாளுக்கு ஒருமுறை விழுந்த மெஷின் ஆறு நாள் விழாமல் ஓட வேண்டும். தாறுமாறாக விழும் மெஷின், எதுவுமே சரியாகாமல், தற்செயலாக மட்டும் சராசரியைப்போல் மூன்று மடங்கு காலம் தாக்குப்பிடிக்க நூற்றுக்கு ஐந்துதான் வாய்ப்பு. மறுநாள் காலையிலேயே “சரியாயிடுச்சு” என்று பணம் வாங்கிக்கொண்டு போகிறவரை நம்பாதீர்கள்.

ஒன்றும் பிடிபடவில்லை என்றால் பவர் சப்ளையை முதலில் மாற்றுங்கள், பிறகு ரேம், போர்டு கடைசி. இந்த வரிசைக்கு விலையும் காரணம், நிகழும் வாய்ப்பும் காரணம்.

வாரண்டியில் அனுப்புவது என்று முடிவானால், வெறும் மெஷினை மட்டும் அனுப்பினால் “இங்கே ஒரு மணி நேரம் ஓட்டினோம், நன்றாக இருக்கிறது” என்று திரும்பி வரும். அவர்கள் மேஜையில் கரண்ட் போகாது, உமி பறக்காது, பில் போட ஆள் இருக்காது. விழுந்த நேரங்களின் பட்டியல், மெம்டெஸ்ட் திரையின் போட்டோ, பானிக் படங்கள், எந்த யூபிஎஸ், எவ்வளவு சுமை, என்னென்ன மாற்றிப் பார்த்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். டேட்டா டிஸ்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினின் சீரியல் நம்பரையும் ரேமின் சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்துவிட்டுப் பெட்டியை ஒட்டுங்கள். திரும்பி வந்ததும் முதலில் அந்த ரேம் நம்பரைச் சரிபாருங்கள்.